எங்க வீடு நிறைஞ்சாச்சு

இது நடந்தது. நடந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அந்தக் கண்ணாடியில் இருந்த கை அடையாளத்தை இந்த இரண்டு கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நடந்தது என் அக்காவுக்கு. கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவளுக்குக் கதை கட்டவே வராது. சின்ன வயசில் பாலைக் கொட்டிவிட்டுப் பூனை மேல் பழி போடக்கூடத் தெரியாமல் அடி வாங்கினவள். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னாள். அதை மூடி மறைக்க இன்னொன்று. அவ்வளவுதான் அவள் கணக்கு.

நான் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரிக்கிற ஆள். நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்களிடம் மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, அதெல்லாம் இதில் கிடையாது. பட்டப்பகல். மத்தியானம் இரண்டு இருபதுக்கு ஆரம்பித்து ஐந்து மணிக்குள் முடிந்தது. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. மூடுபனியே போதும்.

அக்கா வாக்கப்பட்டுப் போன ஊரைப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மலையின் இடுப்பில் ஒரே வரிசையாகப் பதினொரு வீடு. முன்னால் ஒற்றையடிப் பாதை, அதைத் தாண்டினால் பாதாளம். பின்னால் மேட்டுச் சரிவு. பனி இறங்கினால் அங்கே தன் கையைத் தானே தேட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இறங்கும். சில சமயம் ஐந்து நாள் நிற்கும்.

அதற்காகத்தான் அந்த ஊரில் தண்டவாளம் இருந்தது. இரண்டு முழத் துண்டு. அடிவாரத்தில் யாரோ ரயில் பாதை போட வந்து பாதியில் விட்டுப் போன காலத்தில், எட்டுப் பேர் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து மேலே கொண்டுவந்து, வரிசையின் நடுவில் கட்டித் தொங்கவிட்டார்களாம். ரயிலையே பார்க்காத ஊருக்குத் தண்டவாளம் மட்டும் வந்தது, மாப்பிள்ளை வராமல் மாலை மட்டும் வந்து சேர்ந்த மாதிரி என்று அத்தான் கிண்டல் பண்ணுவார்.

பனி இறங்கியதும் அன்றைய முறை யாருடையதோ அவர் சுத்தியலை எடுக்க வேண்டும். மூன்று அடி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தம், மறுபடி மூன்று அடி. வெளியே மாட்டிக்கொண்டவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சேர வேண்டும். சொல்லிவிட்டு வெளியூர் போனவர்கள் போக, வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண் தண்டவாளத்தடிக்கு வந்து "எங்க வீடு நிறைஞ்சாச்சு" என்று சொல்ல வேண்டும். பதினொரு வீடும் சொன்ன பிறகுதான் சுத்தியலைக் கீழே வைக்கலாம். நடுவில் ஆள் மாறவும் கூடாது. கை மாறினால் சத்தம் மாறும், வெளியே இருப்பவன் குழம்பிப் பாதாளத்துப் பக்கம் போய்விடுவான். நூறு வருஷமாகப் பனிக்கு ஒரு உயிரைக்கூடக் கொடுக்காத ஊர் என்று அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை.

அத்தான் கொத்தனார். அவர் கை பட்ட கூரை எதுவும் ஒழுகாது, அவருடைய வீட்டுக் கூரையைத் தவிர. "ஊரார் வீட்டுக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்யிறீங்க. நான் இங்க பாத்திரம் வெச்சுத் தண்ணி பிடிக்கிறேன்" என்று அக்கா வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. கோபம் வந்தால் அவர் போகிற இடம் ஊருக்கே தெரியும். டவுனில் சிநேகிதனின் சலூன். இரண்டு நாள் அங்கே கேரம் ஆடிவிட்டு, முகத்தை மழமழவென்று மழித்துக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பார்.

அன்று மூன்று மணிக்குப் பனி இறங்கியது. முறை கடைசி வீட்டுக்கு. அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு நிறைமாசக்காரி. புருஷன் தூர ஊரில் வேலையாக இருந்தான். முறை என்றால் முறைதான், அந்தப் பெண் வந்து சுத்தியலை எடுத்தாள். நாலு மணி நேரம் அடித்தாள். ஏழு மணிக்குப் பத்து வீடு சொல்லியாகிவிட்டது. அக்கா போய்ப் பார்த்தபோது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்துக்கொண்டிருந்தாளாம். உதடு நீலம் பாரித்துக் கிடந்ததாம்.

"உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி அக்கா."

அக்கா என்ன நினைத்தாள் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். மனுஷன் சலூனில் உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருப்பார். இந்தப் பனியில் எவன் மலையேறுவான். இவள் இன்னும் அரை மணி அடித்தால் ரெண்டு உயிர் போய்விடும்.

"எங்க வீடு நிறைஞ்சாச்சு" என்றாள்.

மணி ஏழு பத்து. சுத்தியல் கீழே போனது.

அக்கா அவளைக் கைத்தாங்கலாக, ஓடையை ஒட்டி இருந்த அந்தக் கடைசி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அன்று ராத்திரியே வலி கண்டது. பனி நாலு நாள் விலகவில்லை. மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது. நாலு நாளும் அக்கா அங்கேயேதான் இருந்தாள், தன் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. அப்போது அங்கே டவரும் கிடையாது, ரோடும் கிடையாது.

பனி விலகியது. அத்தான் வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு சலூனுக்கு ஆள் அனுப்பினாள். அவர் அந்தப் பக்கமே வரவில்லை என்று பதில் வந்தது.

ஊர் கூடிவிட்டது. "நாலு நாளும் வீட்லதான இருந்தான்? எப்பக் கிளம்பினான்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு நாக்கு எழவில்லை. "பனி விலகின அன்னைக்கு விடியக்காலையில கீழ கிளம்பினார்" என்றாள். பதினொரு வீட்டு ஆம்பிளைகளும் ஒன்பது நாள் கீழ்ப்பாதையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். துண்டுகூடக் கிடைக்கவில்லை.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின" என்று பின்னால் நான் கேட்டேன். "அவர் வரவே இல்லன்னு சொன்னா, நானே அவரைப் பனியில விட்டுட்டேன்னு ஆயிடும்டி. கீழ போனார்னு சொன்னா, எங்கயாவது உயிரோட இருப்பார்ல" என்றாள். அதற்குமேல் அவளை என்ன கேட்பது. இரண்டு வருஷம் அவள் பெண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை. ஆள் வருகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே படுத்தாள். அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்ததும் இவளைக் கண்டால் ஓடி வரும். தூக்குவாள். தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

போன வருஷம் ரோடு வந்தது. பனிக்கு மஞ்சள் விளக்குக் கம்பங்கள் வந்தன. தண்டவாளத்துக்கு வேலை இல்லாமல் போனது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று டவுனிலிருந்து ஒரு குழு வந்தது. வரிசைக்கு நடுவில் இருந்த பொதுக் கல் அறையைக் கண்காட்சி ஆக்கினார்கள். உத்திரத்தில் தண்டவாளம், கண்ணாடிப் பெட்டிக்குள் சுத்தியல், மேலே "தொடாதீர்கள்" பலகை. வெளிச்சத்துக்காகப் பின்கதவுக்குப் பக்கத்தில் தரை வரை ஒரு கண்ணாடி. வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்றதும், ஊரே இரக்கப்பட்டு அக்காவைக் கை காட்டியது. பாவம், புருஷன் இல்லாதவள், பிழைப்புக்கு ஆச்சு என்று. அவளும் மறுக்க வழியில்லாமல் உட்கார்ந்தாள். தினம் பத்துத் தடவை, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நின்று, அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே பாதி செத்தாள்.

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

இரண்டு இருபது. பனி இறங்கியது. அறைக்குள் சுவர்க் கடிகாரம் இருந்ததால் நேரமெல்லாம் அவளுக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டு முப்பத்தைந்து. ஒரு வேன் வந்து நின்றது. ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவரும் அவர் மனைவியும் இறங்கி உள்ளே வந்தார்கள். அந்த அம்மா வாசலிலேயே தயங்கித் திரும்பிப் பார்த்தாள்.

"அவரும் உள்ள வரட்டுமே."

"யாரும்மா?"

"பின்பக்கம் சுவரோரமா ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே. நாங்க இந்தப் பனியில வழி தெரியாம பின்னால சுத்திட்டு வந்தோம். உங்க ஆள்னு நெனச்சேன்."

பின்பக்கம் மேட்டுச் சரிவு. அங்கே யாருக்கும் வேலை கிடையாது. "ஆடு மேய்க்க வந்தவரா இருக்கும்" என்று அக்கா சொன்னாள். சொல்லும்போதே அந்த ஊரில் யாரிடமும் ஆடு இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

வழக்கமாகச் சொல்வதைச் சொல்லத் தொடங்கினாள். எட்டுப் பேர் சுமந்த கதை, முறை, மூன்று அடி. கடைசியில் எல்லாரும் கண்ணை விரித்துக் கேட்கிற பகுதி.

"பதினொரு வீடும் நிறைஞ்சாச்சுன்னு சொன்ன பிறகு வெளிய குரல் கேட்டா, அது மனுஷக் குரல் இல்லன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. பழகின குரலாவே இருக்கும். பதில் பேசக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது."

ஹெட்மாஸ்டர் சிரித்தார். "நல்லா பயமுறுத்துறீங்க."

அப்போதுதான் அது கேட்டது.

டக். டக். டக்.

நிறுத்தம்.

டக். டக். டக்.

"எங்கயோ தண்ணி சொட்டுது" என்றார் அவர். மணி இரண்டு ஐம்பது. தண்ணீர் மூன்று சொட்டு சொட்டிவிட்டு மூச்சு விடுவதற்கு நிற்காது. அது கல்லைக் கல்லில் தட்டுகிற சத்தம்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அக்காவின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அவர் என்கிட்ட ஒண்ணு கேட்டார்ம்மா. எனக்குப் புரியல. 'ஏம்மா, சத்தம் ஏன் நின்னு போச்சு'ன்னு கேட்டார்."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். பனி இன்னும் இறுகும் முன்னால் கிளம்ப வேண்டுமாம். மூன்று ஐந்துக்கு வேன் போய்விட்டது.

அக்கா தனியாக இருந்தாள்.

பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வீடு நாலு வாசல் தள்ளித்தான் இருக்கிறது. பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கப் போனாள். பக்கத்துக் கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஏதோ அழுக்கு. குனிந்து பார்த்தாள்.

கை அடையாளம். ஈர மண். இரண்டு கை.

நிற்கிற ஆள் கை வைக்கிற உயரத்தில் இல்லை. அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது.

இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் பதிந்திருந்தது. அத்தானுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கல் விழுந்து அந்த விரலின் மேல்கணு போய்விட்டது.

மூன்று பதினைந்து.

சரக்...

சரக்...

நடக்கிற சத்தம் இல்லை. கனமான ஒன்றைத் தரையோடு இழுக்கிற சத்தம். இழுப்பு, நிறுத்தம். இழுப்பு, நிறுத்தம். சுவரோரமாக வந்தது. மூலையில் நின்றது. தப்பான பக்கம் திரும்பிப் போனது. மறுபடி வந்தது. வழி தெரியாதவன் தடவுகிற மாதிரி.

மூன்று இருபத்தைந்து. இருமல். இரண்டு சின்னது, ஒன்று நீளம். கல்தூசி தின்ற நெஞ்சின் இருமல். பன்னிரண்டு வருஷம் அந்த இருமலுக்குப் பக்கத்தில் படுத்தவள் அவள்.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று முப்பத்தொன்று.

"இந்தா..."

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இந்தா என்றுதான் கூப்பிடுவார்.

"இந்தா... எந்தப் பக்கம்?"

பதில் பேசக் கூடாது. திறக்கக் கூடாது. இப்போதுதான் அவள் வாயாலேயே சொன்னாள்.

"இந்தா... சத்தத்தைக் காணோமே..."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை உடைத்தது. அதட்டியிருந்தால் பயந்துபோய் முன்வாசல் வழியாக ஓடியிருப்பாள். அது வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மனுஷன் கேட்கிற மாதிரி கேட்டது.

முழங்கையால் கண்ணாடிப் பெட்டியை இடித்தாள். உடையவில்லை. மறுபடி இடித்தாள்.

உடைந்தது.

சுத்தியலை எடுத்தாள். முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது.

டங். டங். டங்.

மூச்சு.

டங். டங். டங்.

வெளியே இழுப்பு நின்றது.

பிறகு... திரும்பியது.

சரக்.

இப்போது தடுமாற்றம் இல்லை. நேராக வந்தது.

சரக்.

அவள் நிறுத்தவில்லை. நாலு மணி. நாலே கால். தோள் கழன்றுவிடும் போல் இருந்தது. நாலரை.

சரக்.

பின்கதவு வரை வந்தது.

நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு. கீழே, முழங்கால் உயரத்தில்...

"யாருடி அது தட்டுறது?"

முன்வாசலில் நாத்தனார். அத்தானின் கூடப் பிறந்த அக்கா, அடுத்த வீட்டுக்காரி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள்.

"கையை நிறுத்து. புத்தி கித்தி பெசகிடுச்சா? பதினொரு வீடும் நிறைஞ்சு கிடக்கு."

"எங்க வீடு நிறையல அண்ணி."

"என்னடி சொல்ற?"

"அன்னைக்கும் நிறையல." அடித்துக்கொண்டேதான் சொன்னாள். "அந்தக் கடைசி வீட்டுப் புள்ளை சாகப் போறாளேன்னு பொய் சொன்னேன். அவர் சலூன்ல இருக்கார்னு நெனச்சேன். அவர் வீட்டுக்கு வரவே இல்ல அண்ணி."

நாத்தனாரின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. "அப்ப... அந்த நாலு நாளும் அவன் வீட்ல இல்லையா?"

"இல்ல."

"மொத நாள் ராத்திரி?"

"இல்ல அண்ணி."

அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. வேலை முடிந்து வந்தவன் திண்டில் சாய்ந்து விடுகிற மூச்சு மாதிரி.

அப்புறம் ஒன்றுமில்லை.

நாலு ஐம்பத்திரண்டு. அக்கா சுத்தியலைப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. நிலைப்படியில் இரண்டு கை அடையாளம். அங்கிருந்து ஈரப் புல்லை மடக்கிக்கொண்டு ஒரு தடம் மேட்டுச் சரிவுக்குப் போனது.

மறுநாள் காலை ஆறே காலுக்குப் பனி விலகியது. அக்கா ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒருத்தரும் அவளை ஏசவில்லையாம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தடத்தின் பின்னால் போனார்களாம். தடம் நாத்தனார் வீட்டுக்கு நேர் பின்னால் ஏறி, அறுபது தப்படியில் ஒரு புதரில் முடிந்தது. அந்தக் காலத்தில் கூரைக்குப் பலகைக்கல் வெட்டியெடுத்த பழைய குழி. மழைக்குச் சரிந்து பாதி மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் தேடியதில்லை. அவர் கீழே போனார் என்றல்லவா அக்கா சொல்லியிருந்தாள்.

ஒன்பது மணிக்குள் கல்லை எல்லாம் அகற்றிவிட்டார்கள்.

அத்தான் அங்கேதான் இருந்தார். பக்கத்தில் துண்டு. அதில் முடிந்து வைத்த இரண்டு பலகைக்கல். சண்டை போட்டுவிட்டு அவர் சலூனுக்குப் போகவில்லை. வீட்டுக் கூரைக்குக் கல் எடுக்க மேலே போயிருக்கிறார்.

நான் தகவல் கிடைத்து மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். கண்ணாடியில் அந்தக் கை அடையாளம் காய்ந்து அப்படியே இருந்தது. போலீஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, ஏதாவது மிருகமாக இருக்கும் என்று எழுதிக்கொண்டார். எந்த மிருகத்துக்கு ஒன்பதரை விரல் என்று கேட்க நினைத்தேன். அக்கா பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னது இது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. வேறு பெரிய அடி எதுவும் தெரியவில்லை, விழுந்தவுடன் போயிருக்க மாட்டார். உடுப்புக்கு அடியில் புல்லைப் பிடுங்கித் திணித்திருக்கிறார், பக்கத்தில் செடியின் வேரைத் தோண்டிக் கடித்துத் துப்பியிருக்கிறார். மூன்று நாளாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும். விரலெலும்புகளுக்கு நடுவில் ஒரு கல் இருந்தது, ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது.

அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்கு ஒரே கேள்விதான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்பாள், பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கேட்பாள்.

"அவர் கூப்பிட்டிருப்பார்தானே? அறுபது தப்படிதானே? நான்தான் கடைசி வீட்ல ஓடைச் சத்தத்துல இருந்தேன். மத்தவங்க யாருக்குமே கேக்கலையாடி?"

"அந்தக் காத்துல எப்படிக்கா கேக்கும்" என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, நாத்தனார் வந்தாள். அந்த மூன்று நாளும் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"கேட்டுச்சு" என்றாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"மொத நாள் ராத்திரி மணி எட்டு இருக்கும். 'அக்கா'ன்னு கூப்பிட்டான். 'அக்கா, கால் போச்சு, விளக்கை எடுத்துட்டு வா'ன்னான். நான் எழுந்துட்டேன். தாழ்ப்பாள்ல கை வெச்சுட்டேன்டி. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. பதினொரு வீடும் நிறைஞ்சாச்சு. என் தம்பி அடுத்த வீட்ல படுத்திருக்கான். அப்ப என் தம்பி குரல்ல கூப்பிடுறது எது?"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"விடிய விடியக் கூப்பிட்டான். நான் காதுல துணியை அடைச்சுக்கிட்டேன். ரெண்டாம் நாள் ராத்திரி இருமல் மட்டும்தான். மூணாம் நாள் அதுவும் இல்ல. கல்லைக் கல்லுல தட்டுற சத்தம். மூணு தட்டு, ஒரு மூச்சு, மூணு தட்டு. நம்ம தண்டவாளத்தை அடிக்கிற மாதிரியே தட்டிக்கிட்டு இருந்தான்டி. நம்மளைக் கூப்பிடுறதுக்கு."

"அண்ணி..."

"எனக்கு மட்டும் இல்ல. உன் வீடும் கடைசி வீடும் தவிர ஒன்பது வீட்டுக்கும் கேட்டுச்சு. ஒன்பது வீட்லயும் கதவைச் சாத்தினோம். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு பேசி வெச்சோம். உன் புருஷன் குரல்ல பேய் வந்து கூப்பிட்டுச்சுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ பயந்துக்குவியேன்னுதான் சொல்லல."

அக்கா எழுந்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவள் போய் நாத்தனாரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, பக்கத்தில் உட்கார வைத்தாள். இரண்டு பேரும் அழவில்லை. விடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் விளக்கை அணைக்கவில்லை.

அன்று மத்தியானம் கண்ணாடியில் கை வைத்தது எது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று ராத்திரி ஒரு ஊரே பேய் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டதே, அந்த மூன்று ராத்திரியும் என் அத்தானுக்கு உயிர் இருந்தது.